சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒரு நகரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் கெண்டக்கி என்றொரு மாநிலம். அதன் இரண்டாவது பெரிய நகரம் லெக்சிங்டன். மக்கள்தொகை ஏறத்தாழ 3,20,000. அங்குச் செல்லும் பயணிகளுக்கு நான்கு பெருமைகளை எடுத்துக் காட்டுவார்கள்: பர்பன் என்னும் விஸ்கி, பந்தயக் குதிரைகள், தென்னாட்டுச் சமையல், ஆற்றோரக் குன்றுகளில் நடைப்பயணம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இவற்றுக்குள் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் இவ்வளவும் ஏன் இந்த ஓர் ஊரில் வந்து சேர்ந்தன என்று கேட்டால், வடிசாலைக்காரரும் குதிரைப் பண்ணைக்காரரும் தருகிற விடை ஒன்றே. காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல்தான் காரணம் என்பார்கள்.

இந்த விடையில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று சற்றுப் பகுத்துப் பார்ப்போம். பயணிகளிடம் அவ்வளவாகச் சொல்லப்படாத ஒரு செய்தியும் இருக்கிறது. 1833-ஆம் ஆண்டுக் கோடையில், சில வாரங்களுக்குள், இந்நகரில் ஏறத்தாழ 500 பேர் மாண்டார்கள். அதிலும் இந்தப் பாறைக்குப் பங்குண்டு.

கடலடியில் பிறந்த கல்

ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆர்டோவிசியன் எனப்படும் காலத்தில், இன்று கெண்டக்கி இருக்கும் நிலப்பகுதி பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பி போன்ற உயிர்களின் ஓடுகளும் பாசிவிலங்குகளின் கூடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. பின்னர் நிலத்தின் இப்பகுதி ஒரு கவிழ்த்த கிண்ணம்போல் மெல்ல மேலே புடைத்தது. வெங்காயத்தின் மேற்புறத்தைச் சீவினால் உள்ளடுக்கு வெளிப்படுகிறதல்லவா? அதுபோல மழையும் ஆறும் மேலடுக்குகளை அரித்துச் செல்ல, பழைய சுண்ணாம்புக்கல் வெளியே தலைகாட்டியது. இன்று லெக்சிங்டனைச் சுற்றிச் சாலைக்காக வெட்டப்பட்ட கரைகளில் அந்தப் பழைய ஓடுகளின் பதிவுகளை எவரும் காணலாம். இப்பாறையில் பாஸ்பேட்டும் கணிசமாக இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்த ஒரு சோதனை. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் நீர் பால்போல் வெண்மையாகிறது. நம் மூச்சிலுள்ள கரியமிலவாயு, கரைந்திருந்த சுண்ணாம்பைக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. அந்த வெண்ணிறத்தைக் கண்டதும் மாணவர்கள் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் வெண்மை மறைந்து நீர் மறுபடி தெளிகிறது. கூடுதலாகச் சேர்ந்த கரியமிலவாயு, கார்பனேட்டைக் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது.

சோதனையின் இந்த இரண்டாம் பாதிதான் கெண்டக்கியின் நிலவியல். மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக மண்ணில் மக்கும் இலை வேர்களிலிருந்தும் கரியமிலவாயுவை ஏற்றுக்கொண்டு மெலிந்த அமிலமாகிறது. அது பாறையின் விரிசல்களில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. மயிரிழை விரிசல் விரற்கனமாகிறது. விரற்கனம் குழாயாகிறது. குழாய் குகையாகிறது. ஓரிடத்தில் தரை உள்வாங்கிப் பள்ளமாகிறது. ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரெனப் பூமிக்குள் புகுந்து, சில கிலோமீட்டர் தள்ளி ஊற்றாகப் பொங்குகிறது. இத்தகைய நிலத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர். லெக்சிங்டன் அப்படிப்பட்ட ஓர் ஊற்றருகேதான் பெயர் பெற்றது. இன்று மெக்கோனல் ஊற்று எனப்படும் இடத்தில் 1775 ஜூனில் தங்கியிருந்த குடியேறிகள், மாசசூசெட்ஸிலுள்ள லெக்சிங்டனில் ஆங்கிலேயருடன் போர் மூண்ட செய்தியைக் கேள்வியுற்று, அப்பெயரையே தங்கள் குடியிருப்புக்குச் சூட்டினார்கள் என்பது வரலாறு.

வாலையும் பீப்பாயும்

முதலில் விஸ்கி. மது உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவர் அதைத் தொடச் சட்டம் இடங்கொடுப்பதுமில்லை. கெண்டக்கியிலேயே சில மாவட்டங்களில் மது விற்பனைக்குத் தடை இருக்கிறது. ஆனால் வடிசாலையில் நடப்பது நல்ல பௌதிகமும் ரசாயனமும் ஆதலால் அதை விட்டுவிட மனம் வரவில்லை.

பர்பன் என்ற பெயருக்கு அமெரிக்கச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்கவேண்டும். வடித்ததை, உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புது ஓக் மரக்கலத்தில் ஊறவைக்க வேண்டும். கலத்தில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது. 1964-இல் அமெரிக்கக் காங்கிரஸ், பர்பன் தங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானமும் செய்தது.

சுண்ணாம்புக்கல் நீர் இங்கே என்ன செய்கிறது? இரும்பை நீக்குகிறது என்பது வடிசாலைக்காரர் கூற்று. இதில் உண்மை உண்டு. சுண்ணாம்பு நிலத்து நீர் சற்றுக் காரத்தன்மை உடையது. காற்றும் காரமும் சேர்ந்தால் நீரில் கரைந்த இரும்பு துருவாகப் படிந்துவிடும். இரும்பு இருந்தால் என்ன நேரும் என்பதை நம் வீட்டு அரிவாள்மனையே சொல்லும். வாழைக்காய் நறுக்கினால் மனையும் கையும் கறுக்கின்றன. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து முன்னோர் மை காய்ச்சினார்கள். எல்லாம் ஒன்றுதான். டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்தால் கருமை பிறக்கிறது. ஓக் மரத்தில் டானின் நிறைய. இரும்பு நீரில் செய்த விஸ்கி பீப்பாயில் மைபோல் ஆகிவிடும்.

ஆனால் அதே காரத்தன்மை வேறிடத்தில் தொல்லை தருகிறது. மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளும், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட்டும் சற்றுப் புளிப்பான சூழலையே விரும்புகின்றன. ஆகவே முன்தடவை வடித்தபின் எஞ்சிய புளித்த நீரில் ஒரு பகுதியைப் புதிய கூழில் சேர்க்கிறார்கள். நம் வீடுகளில் புதுமாவு புளிக்கப் பழைய மாவு சேர்ப்பதைப்போல் இது தோன்றும். ஆனால் இங்கே சேரும் நீர் கொதித்துவிட்டது. அதில் உயிருள்ள ஈஸ்ட் இல்லை. அதன் வேலை புளிப்பூட்டுவது மட்டுமே. தீய பாக்டீரியாக்களும் அதனால் அடங்குகின்றன. ஸ்காட்லாந்தில் பிறந்து கெண்டக்கியில் குடியேறி 1856-இல் காலமான ஜேம்ஸ் குரோ என்பவர் இம்முறையை அளந்து, குறித்து, ஒழுங்குபடுத்தினார். அவர் பணிசெய்த இடத்தில்தான் லெக்சிங்டனுக்கு அருகிலுள்ள உட்ஃபோர்ட் ரிசர்வ் வடிசாலை இன்று நிற்கிறது. எனவே, சுண்ணாம்பு நீர் முழுவதும் வரப்பிரசாதம் என்று சொல்வதற்கில்லை. அதன் குறையைத் திருத்தவும் ஒரு வித்தை தேவைப்பட்டது.

என்னைக் கேட்டால், அந்தக் காலத்தில் நீரின் கலவையைவிட அதன் குளிர்ச்சியே பெரிய உதவி என்பேன். நிலத்தடி நீரின் வெப்பநிலை அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியிருக்கும். லெக்சிங்டனில் அது சுமார் 13 டிகிரி சென்டிகிரேட். கோடையில் வெளியே 32 டிகிரி கொளுத்தும்போதும் ஊற்றுநீர் சில்லென்றிருக்கும். ஆவியைக் குளிர்வித்து நீர்மமாக்க நாள் முழுவதும் குளிர்ந்த நீர் வேண்டும். நீராவி ஒரு கிராம் குளிர்ந்து நீராகும்போது 540 கலோரி வெப்பத்தை விட்டுச் செல்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஏதேனும் வேண்டுமல்லவா? பனிக்கட்டி இயந்திரம் இல்லாத நாளில் குளிர் ஊற்றே அந்த இயந்திரம். இன்று நிலைமை வேறு. லூயிவில் நகரத்து வடிசாலைகள் நகராட்சிக் குழாய்நீரில் பர்பன் வடிக்கின்றன. அந்நீர் வருவது ஒகாயோ ஆற்றிலிருந்து.

பீப்பாய்க்கு வருவோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 200 லிட்டர். ஆல்கஹால் கலந்த நீரின் பருமப் பெருக்கக் குணகத்தைத் தோராயமாக 0.0008 எனக் கொள்வோம். குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 30 டிகிரி வேறுபாடு என்றால், பெருக்கம் 200 x 0.0008 x 30, அதாவது ஏறக்குறைய 5 லிட்டர். கோடையில் விரிந்த நீர்மம் கருகிய மரத்துக்குள் அழுந்தி நுழைகிறது. குளிர்காலத்தில் நிறத்தையும் மணத்தையும் எடுத்துக்கொண்டு பின்வாங்குகிறது. பீப்பாய் ஆண்டுக்கொருமுறை மூச்சு விடுகிறது எனலாம்.

அந்த மூச்சில் ஒரு பகுதி ஆவியாகி வெளியே போய்விடுகிறது. இதைத் 'தேவதைகளின் பங்கு' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் எட்டு ஆண்டில் 200 லிட்டர் 144 லிட்டராகிறது. பதினேழு ஆண்டில் பாதி. கதிரியக்கத்தில் நாம் படிக்கும் அரைவாழ்வுக் கணக்கேதான் இது. மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். போகிற ஆவியில் நீரும் உண்டு, ஆல்கஹாலும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஈரமான காற்றில் ஆல்கஹால் மிகுதியாகப் போய் விஸ்கியின் வீரியம் குறைகிறது. கெண்டக்கிக் கிடங்குகளின் வெப்பமான, உலர்ந்த மேல்தளங்களிலோ நீரே மிகுதியாகப் போய் வீரியம் ஏறுகிறது! அந்தத் தேவதைகளும் ஏதோ கற்பனையல்ல. கிடங்குகளைச் சுற்றியுள்ள மரங்களும் சுவர்களும் கரிபூசினாற்போல் கறுத்திருக்கும். காற்றில் வரும் ஆல்கஹால் ஆவியால் செழிக்கும் பூஞ்சை அது. அக்கம்பக்கத்தில் வீடு கட்டியவர்கள் அதைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போகிறார்கள்.

குதிரையின் எலும்பு

லெக்சிங்டனைச் சூழ்ந்த வட்டாரத்துக்கு 'நீலப்புல்' என்று பொருள்படும் புளூகிராஸ் என்பது பெயர். புல் பச்சையாகத்தான் இருக்கும். வெட்டாமல் விட்டால் பூங்கதிர்களில் சற்று நீலச்சாயல் தெரியும், அவ்வளவே. ஐரோப்பாவிலிருந்து வந்த புல் அது. அந்தப் புல்வெளிகளில் பந்தயக் குதிரைகள் மேய்கின்றன. கீன்லாந்து என்னும் பந்தயத்திடல் 1936-இல் தொடங்கியது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அங்குப் பந்தயங்கள் நடக்கின்றன. பந்தயத்தில் நாட்டமில்லாதவரும் காலையில் நடக்கும் பயிற்சியைக் கட்டணமின்றிப் பார்த்து வரலாம்.

பாறையில் கால்சியமும் பாஸ்பரசும் உண்டு. ஆகவே மண்ணில் உண்டு, புல்லில் உண்டு, குதிரையின் எலும்பிலும் உண்டு என்பது பண்ணைக்காரரின் தருக்கம். எலும்பின் கனிமப் பகுதி இவ்விரண்டும் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட் வகைதான். எடையில் பாஸ்பரஸ் ஒரு பங்கானால் கால்சியம் இரு பங்குக்குச் சற்று மேல். இந்த விகிதம் முக்கியம். மாவு அரைக்கும் ஆலைக்காரர்கள் தங்கள் குதிரைகளுக்குத் தவிட்டையே அள்ளிப் போட்ட காலத்தில், அவற்றின் முகஎலும்பு வீங்கி உடல் நொடித்தது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. பற்றாத கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொண்டது.

எலும்பு எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். 1973-இல் செக்ரட்டேரியட் என்னும் குதிரை லூயிவில்லில் நடந்த கெண்டக்கி டெர்பியில் 2,012 மீட்டரை 1 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தது. இன்றும் அதை மிஞ்சியவர் இல்லை. சராசரி வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். அப்படிப் பாயும்போது, ஒரு கணத்தில் ஒரு காலின்மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. 500 கிலோ குதிரை என்றால் ஒரு டன்னுக்கும் மேல்! தாங்குவதோ நம் மணிக்கட்டைவிட அதிகம் பருமனில்லாத கீழ்க்கால் எலும்பு. அது முறிந்தால் பெரும்பாலும் குதிரையின் உயிரே போகிறது. 2008 டெர்பியில் இரண்டாவதாக வந்த எய்ட் பெல்ஸ் என்னும் பெண்குதிரை, எல்லைக்கோட்டைக் கடந்தபின் இரு முன்கால்களும் முறிந்து விழுந்தது. அங்கேயே அதன் உயிரைப் போக்கவேண்டியதாயிற்று.

அப்படியானால் வலிய எலும்பைத் தருவது பாறைதானா? அயர்லாந்தின் கில்டேர், புளோரிடாவின் ஒக்காலா ஆகிய குதிரைப் பகுதிகளும் சுண்ணாம்பு நிலங்களே. இது ஒரு சான்று. ஆனால் ஆங்கிலப் பந்தயக் குதிரை இனத்தின் மூதாதையராகச் சொல்லப்படும் மூன்று ஆண்குதிரைகள் கீழை நாடுகளிலிருந்து வந்தவை. அவை நீலப்புல்லைக் கண்டவையல்ல. மேலும் எலும்பு, தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் தானே உறுதிப்படுத்திக்கொள்ளும் உயிர்ப்பொருள். இளமையில் ஓடவிட்ட குட்டியின் எலும்பு, கட்டிப்போட்ட குட்டியின் எலும்பைவிடத் திண்மையாகிறது. இன்றைய பண்ணைகளில் மண்ணையும் தீவனத்தையும் சோதித்துக் குறைந்ததைச் சேர்க்கிறார்கள். பாறைக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. பணம், பரம்பரைப் பதிவேடு, மருத்துவர், பழகிய கைகள் ஆகியவற்றின் பங்கையும் பாறையின் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்கிறேன். அந்தக் கைகளில் பல அடிமைப்பட்டிருந்த கறுப்பு மக்களுடையவை. 1875-இல் நடந்த முதல் டெர்பியில் குதிரை ஓட்டிய 15 பேரில் 13 பேர் கறுப்பர். மூன்று டெர்பிகளை வென்ற ஐசக் மர்பியின் கல்லறை, 1978-இல் திறக்கப்பட்ட கெண்டக்கிக் குதிரைப் பூங்காவில் இருக்கிறது.

சோளமும் சாம்பலும்

உணவைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெருங்கொப்பரையில் இறைச்சியும் காய்களும் நெடுநேரம் வெந்த பர்கூ என்னும் கெட்டிக் குழம்பும், பீர் கலந்து பிசைந்த பாலாடைக்கட்டியும் இவ்வட்டாரத்துச் சிறப்புகள். அறிவியல் நோக்கில் சுவையானது மக்காச்சோளம். செவ்விந்தியர் சோளத்தைச் சுண்ணாம்பிலோ மரச்சாம்பல் நீரிலோ ஊறவைத்துச் சமைத்தார்கள். தோல் கழன்றுவிடும் என்பது கண்ணுக்குத் தெரிந்த பயன். பிணைப்புண்டு கிடக்கும் நியாசின் என்னும் வைட்டமின் விடுபட்டு உடலுக்குக் கிடைக்கும் என்பது தெரியாத பயன். அதை விட்டுவிட்டு வெறும் சோளமாவையே பெரிதும் நம்பிய தென்மாநில ஏழைகள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெல்லாகரா நோயால் மடிந்தார்கள். தோல் வெடித்துப் புத்தி பேதலிக்கும் கொடிய நோய் அது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். உணவுக் குறைதான் காரணம் என்பதை 1914 முதல் ஆராய்ந்து நிறுவியவர் ஜோசப் கோல்ட்பர்கர். ஒரு கை சுண்ணாம்பு காத்திருக்கக்கூடிய உயிர்கள்!

விரிசல் வழியே வந்த சாவு

நகரின் தெற்கே கெண்டக்கி ஆறு சுண்ணாம்புக்கல்லை ஆழமாக அறுத்து, செங்குத்தான பாறைச் சுவர்களிடையே ஓடுகிறது. ரேவன் ரன் என்னும் காட்டுக் காப்பிடத்திலிருந்து அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். தென்கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் சென்றால் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் இயற்கையான கல்வளைவுகள் நூற்றுக்கும் மேல் உண்டு. ஆனால் அவை மணற்கல். பாறையின் உள்ளமைப்பை அறிய விரும்புவோர் பார்க்கவேண்டியது ஆற்றோரச் சுவர்களையே. நெடுக்கிலும் கிடக்கையிலும் விரிசல்கள், அவற்றில் கசியும் நீர்.

மணல் நிலத்தில் நீர் மெல்ல ஊர்ந்து, துகள்களுக்கிடையே வடிகட்டப்பட்டுக் கிணற்றுக்கு வருகிறது. சுண்ணாம்புக் குழாய்களிலோ வடிகட்ட ஒன்றுமில்லை. மேலே கொட்டியது சில மணி, சில நாளில் கீழே ஊற்றில் வந்து நிற்கும். தெளிவாக, குளிர்ச்சியாக, ஆகவே தூய்மையானதுபோல் தோன்றும்.

1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா, அடுத்த அலையில் 1832-இல் கடல் கடந்து வட அமெரிக்காவை எட்டியது. 1833 ஜூனில் லெக்சிங்டன். அப்போது ஊரின் மக்கள்தொகை ஏழாயிரத்துக்கு உட்பட்டது. கழிப்பிடங்களும் கிணறுகளும் ஒரே பாறைமேல், ஒரே விரிசல்களுக்கு நடுவே. கெட்ட காற்றால் நோய் வருகிறதென்று மருத்துவர்களே நம்பிய காலம். தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ காட்டியது 1854-இல். ராபர்ட் காக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து கிருமியைக் காட்டியது 1883-84-இல். லெக்சிங்டன் மக்கள் நோயில் கிடந்தவர்களுக்கு அதே ஊற்றுநீரை மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இறந்தவர்களைப் புதைக்க ஆளில்லை. முடிந்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். வில்லியம் சாலமன் என்ற குடிகாரர், வீடுவாசல் இல்லாதவர், ஓடாமல் நின்று புதைகுழிகளைத் தோண்டினார். பின்னாளில் ஊரார் அவரைச் சாலமன் ராஜா என்று கொண்டாடினார்கள். நகர இடுகாட்டில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. தண்ணீரைத் தொடாமல் விஸ்கியே குடித்ததால்தான் அவர் தப்பினார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஓர் ஆளை வைத்து அறிவியல் முடிவு காண முடியாது. ஆனால் வேடிக்கையில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. விஸ்கியாகும் நீர் கொதிக்கிறது. குடத்தில் மொண்ட நீர் கொதிப்பதில்லை.

இன்று லெக்சிங்டன் பெரும்பாலும் குடிப்பது சுத்திகரித்த கெண்டக்கி ஆற்று நீர். நகரின் நடுவே ஓடிய டவுன் பிராஞ்ச் ஓடையை மூடி அதன்மேல் தெருக்கள் போட்டுவிட்டார்கள். ஆனால் நிலத்தடிக் குழாய்கள் மறைந்துவிடவில்லை. வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரில் ராயல் ஊற்று இருக்கிறது. எலைஜா கிரெய்க் என்ற பாதிரியார் 1789-இல் முதல் பர்பனை இந்த ஊற்றுநீரில்தான் வடித்தார் என்று கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர் அதை ஏற்பதில்லை. ஊற்றோ நீண்ட காலமாக அவ்வூரின் குடிநீருக்கு உதவி வந்திருக்கிறது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது?

இதை அறியச் சாயம் கலக்கும் முறை உண்டு. ஓடை பூமிக்குள் நுழையும் பள்ளத்தில், தீங்கற்ற ஒளிரும் சாயத்தைக் கொட்டுகிறார்கள். சுற்றிலுமுள்ள ஊற்றுகளில் கரித்தூள் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு, எதில் சாயம் படிகிறதென்று பார்க்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத அளவும் புறஊதாக் கதிரில் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இவ்வாறு கண்டதில், ராயல் ஊற்றின் நீர்ப்பிடிப்பு தெற்கே நீண்டு லெக்சிங்டன் நகரின் வடபகுதி வரை வருவது தெரிந்தது. நகரத் தெருவில் சிந்தும் எண்ணெயும் பண்ணையின் சாணக்கரைசலும் பக்கத்து ஊரின் ஊற்றுக்குப் போகக்கூடும்.

நீர் போகும் முக்கியக் குழாய் எங்கே என்று தேட, கெண்டக்கி நிலவியல் ஆய்வாளர்கள் மின்சாரத்தைத் துணைக்கு அழைத்தார்கள். தரையில் இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டு, இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்தார்கள். திடமான சுண்ணாம்புக்கல்லுக்கு மின்தடை மிக அதிகம். உப்புகள் கரைந்த நீருக்குக் குறைவு. தடை தாழ்ந்த இடங்களில் துளையிட்டுக் குழாயைக் கண்டுபிடித்து, அதனுள் அளவுக் கருவிகளை இறக்கினார்கள். அந்த இடம் குதிரைப் பூங்காவிற்குள் இருக்கிறது. மேலே குதிரைகள் மேய, அடியில் ஜார்ஜ்டவுனை நோக்கி ஓர் ஆறு இருட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.